பாடம் படிக்க வந்த பிள்ளை விளையாடலாமா?

(கலைமகள் விழாவை முன்னிட்டு நமது ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினருமான அன்பர் ஆற்றிய உரை)



தலைவர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கல்வியின் சிறப்பு’. கல்வி சிறந்தது என்பதில் இங்கே யாருக்கும் ஐயமிருப்பதாகத் தெரியவில்லை. ஐயமிருந்தால் நிதி கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆகவே தலைவரின் அனுமதியோடு வேறொன்றைப் பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலயத்தின் பக்க மண்டபத்தில் பிள்ளைகளுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தரிசனம் முடித்து வெளியே வந்த நன்கொடையாளர் ஒருவர், மண்டபத்திலிருந்து ‘பசு! பசு!’ என்று பிள்ளைகள் கூச்சலிடுவதைக் கேட்டிருக்கிறார். யாரோ ஆலயத்திற்குப் பசு தானம் கொடுத்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி எட்டிப் பார்த்தால், அங்கே பசுவும் இல்லை, கன்றும் இல்லை. சிமெண்டுத் தரையில் வெண்கட்டியால் வட்டங்கள் போட்டு, புளியங்கொட்டைகளை வைத்துப் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் நானும் தரையில் அமர்ந்து, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைத் தனியே அழைத்தார். “வாத்தியாரே, நாங்க கொடுக்கிற காசு பிள்ளைங்க படிக்கவா, விளையாடவா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த வருஷம் என் பங்கை அன்னதானத்துக்கே எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இன்று இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நானே அவரைவிடக் கடுமையாக அதைக் கேட்டவன். கேட்டதோடு நில்லாமல் ஒரு பிள்ளைக்குத் தீங்கும் செய்தவன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1982ஆம் ஆண்டில், என்னுடைய இருபத்து நான்காம் வயதில், பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. மழை பெய்தால் பாடம் நடத்த முடியாது, சத்தம் அப்படி. பிள்ளைகளின் தாய் தந்தையர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாமே எழுந்து, தாமே குளித்து, சில நாள் பசியாறாமலே பள்ளிக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்துத் தோட்டத்திலிருந்து கரையேற்ற வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதற்குக் குறுக்கே நிற்கும் முதல் பகை சினிமா என்றும், இரண்டாவது பகை விளையாட்டு என்றும் உறுதியாக நம்பினேன். மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தூக்கம், எனக்குக் கோபம்.

1984ஆம் ஆண்டு என் நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். அடித்தாலும் திறக்க மாட்டான். அடித்தேன் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்காலத்தில் எல்லாரும் அடித்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஒருநாள் அவன் மேசைக்கடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். கிராணியார் கழித்துவிட்ட பழைய கணக்கேடு ஒன்று. பக்கமெல்லாம் சினிமா நடிகர்களின் படங்கள். ‘தமிழ் நேசன்’ ஞாயிறு பதிப்பிலிருந்தும், அவன் பாட்டி வைத்திருந்த பழைய பாட்டுப் புத்தகங்களின் அட்டையிலிருந்தும் வெட்டியெடுத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தான். வகுப்பின் முன்னிலையில் அதில் இரண்டு பக்கங்களைக் கிழித்தேன். மீதியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. விசாரித்தபோது தாயோடு காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்குகிறான் என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் அவன் தாயார் வந்தார். வேலைத் துணியோடு, பால் வாடையோடு, வகுப்பு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“வாத்தியாரையா, அவன் ராத்திரியில விளக்கு வெளிச்சத்துல உக்காந்து பாக்கறது அந்த ஒரு புஸ்தகத்ததான். பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்தக் கண்டாலே பயப்படறான். இதையும் நீங்க வாங்கி வச்சுக்கிட்டீங்க. இனி அவன் எதப் படிப்பான்?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்று மாலைதான் அந்தக் கணக்கேட்டை முதன்முறையாகத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் படத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ‘திருவிளையாடல்’ என்பதில் ‘ளை’ என்ற எழுத்தை யானைத் தும்பிக்கை போல வளைத்துப் பழைய வடிவத்தில் எழுதியிருந்தான். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய அச்சில் அந்த எழுத்து அப்படித்தான் இருக்கும். அட்டையில் இருந்ததை ஒரு வளைவுகூடத் தவறாமல் பார்த்து எழுதியிருக்கிறான். எழுத்தே தெரியாது என்று நான் முடிவுகட்டிவிட்ட பையன். அதைவிட என்னைத் தலைகுனிய வைத்தது அடுத்த பக்கம். தருமியாக நடித்த நாகேஷின் படத்திற்குக் கீழே இரண்டே சொற்கள்: ‘தருமி பாவம்’. இது எந்த அட்டையிலும் அச்சிட்டிருக்க முடியாது. தனக்குத் தெரிந்த எழுத்துகளைக் கூட்டி, தன் மனத்தில் பட்டதை, தானே எழுதியிருக்கிறான். வகுப்பில் நான் இரண்டு ஆண்டுகளாகப் பிரம்பை வைத்துக்கொண்டு வாங்க முடியாததை நாகேஷ் வாங்கிவிட்டார்.

கிழித்த பக்கங்களை நானும் சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டினேன். லயத்து வீட்டிற்குப் போய் அந்த ஏட்டை அவனிடம் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை வகுப்பிற்கு வந்துவிட்டான்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டுதான் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய பாடத்திட்டம் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கியது. 1984இல் அது இரண்டாம் ஆண்டுவரை வந்திருந்தது. என் நான்காம் வகுப்பை இன்னும் எட்டவில்லை. பக்கத்து அறையில் சிறு பிள்ளைகள் குழுக் குழுவாகத் தரையில் அமர்ந்து சொல்லட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ‘பள்ளிக்கூடமா, பிள்ளைக் காப்பகமா?’ என்று அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் திங்கட்கிழமை அந்த வகுப்பு ஆசிரியையிடம் போய், பழைய அட்டைகள் மிச்சமிருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை.

‘திருவிளையாடல்’ என்ற சொல்லை ஏழு அட்டைகளாக வெட்டினேன். தி, ரு, வி, ளை, யா, ட, ல். மேல்விலங்கு உண்டு, துணைக்கால் உண்டு, இணைக்கொம்பு உண்டு, புள்ளி வைத்த மெய்யும் உண்டு. ஒரு பாடத்திற்கு வேண்டியதெல்லாம் ஒரு படத்தின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கலைத்துப் போட்டு, வேறு சொற்கள் செய்யுங்கள் என்றேன். வில் வந்தது, விளை வந்தது, திரு வந்தது. அந்தப் பையன் எழுந்து வந்து தி, ரு, ட என்று மூன்று அட்டைகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு தருமியின் கதையை நாடகமாக்கினோம். 1965இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காமல், பரஞ்சோதி முனிவரின் புராணத்தைப் படித்தே தருமியை அறிந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை, யாரும் கை தூக்க வேண்டாம். அந்தப் பையன்தான் தருமி. நடை, கை, குரல் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நக்கீரராக நடித்தவள் தண்டல் வீட்டுப் பெண். அவளுக்கு இயல்பிலேயே யாரையும் குற்றம் சொல்ல வரும். முதல் வாரம் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் ஒரு தந்திரம் செய்தேன். தருமி கேட்க வேண்டிய கேள்விகளை நாள்தோறும் மாற்றி, புதிதாகத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். யார், எது, ஏன், எப்படி, எத்தனை. இனி மனப்பாடம் உதவாது. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தாளைக் கையில் வாங்கியவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு, தருமியின் குரலிலேயே, எழுத்துக் கூட்டி வாசித்தான். தன் குரலில் வாசிக்க அவனுக்கு மேலும் இரண்டு மாதமாயிற்று.

அவன் மருத்துவரானான், வழக்கறிஞரானான் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்க்காதீர்கள். மறு ஆண்டு ஐந்தாம் வகுப்புச் சோதனையில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பேசுவார். வண்டியின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே எப்போதும் அன்றைய தமிழ் நாளிதழ் மடித்துக் கிடக்கும். ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனபோது எனக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான்.

அன்பர்களே, இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் வகுப்பில் எந்நேரமும் சினிமாவும் ஆட்டமும்தானா என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பள்ளத்திலும் நான் விழுந்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் வேறொரு பள்ளியில், வெள்ளிக்கிழமைதோறும் படத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் போட்டி வைத்தேன். இரண்டு குழு, கரும்பலகை, மணி, பரிசாக மிட்டாய். ‘அண்ணாமலை’, ‘ரோஜா’ என்று வகுப்பு அதிரும். என் வகுப்புக்கு வரப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், நானும் பூரித்துப்போனேன். ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கடைசி வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். முடிந்ததும், “நல்லா இருக்கு. இது முடிஞ்ச பிறகு பிள்ளைக்குப் புதுசா என்ன தெரியும்?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்ததை நான் திரும்பக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எனக்கும் களைப்பு, அதற்கு ஒரு சாக்கு. தருமிக்குத் துண்டுத் தாள் கொடுத்தேனே, அந்தத் தாள் இங்கே இல்லை. அன்றிலிருந்து எந்த விளையாட்டை வகுப்பிற்குள் கொண்டுவந்தாலும், இதில் துண்டுத் தாள் எங்கே என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

2007ஆம் ஆண்டு வாக்கில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதுகை மோனை கற்பிக்க வேண்டியிருந்தது. முந்திய ஆண்டுதான் நம் நாட்டு யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வந்திருந்தது. பள்ளிப் பேருந்தில் அதுதான் பாட்டு. எனக்கு அந்த இசை பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. ஆனால் பிள்ளைகள் மூச்சு விடாமல் அடுக்கடுக்காகச் சொற்களை ஒலிக்கும்போது, இந்தக் காதுக்கா எதுகை புரியாது என்று தோன்றியது. மேசையைத் தட்டித் தாளம் போடச் சொன்னேன். ஒருவன் ‘நாக்கு’ என்று எடுத்தால், அடுத்தவன் ‘பாக்கு’, அதற்கடுத்தவன் ‘சாக்கு’, ‘தேக்கு’ என்று தாளம் தவறாமல் சொல்ல வேண்டும். முதலெழுத்து மாறினாலும் இரண்டாமெழுத்து ஒன்றி வருவது எதுகை, முதலெழுத்து ஒன்றுவது மோனை, உங்கள் பாட்டுக்காரர்கள் அடியின் முடிவில் ஒன்ற வைப்பது இயைபு என்று பிரித்துக் காட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் நாசி லெமாக்கைப் பற்றி ஒவ்வொரு குழுவும் நாலடி எழுதியது. சம்பல் போதவில்லை என்பதே பெரும்பாலான பாட்டுகளின் கருப்பொருள். சிற்றுண்டிச் சாலை அம்மாவுக்கு மட்டும் என்மேல் வருத்தம். அதன் பிறகே தேவாரப் பதிகம் ஒன்றை எடுத்து, எதுகையைக் கோடிடச் சொன்னேன். முதல் நாளே அதைக் கொடுத்திருந்தால் பாதி வகுப்பு சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ஆலயத்தில் நின்றுகொண்டு சினிமாவையும் தெருப்பாட்டையும் பற்றிப் பேசலாமா என்று சிலருக்கு மனக்குறை இருக்கலாம். நம் மாணிக்கவாசகப் பெருமானை நினைத்துப் பாருங்கள். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர், கற்றோர் அவையில் பேசத் தெரிந்தவர். திருவாசகத்தின் 51 பகுதிகளில் அம்மானை இருக்கிறது, பொற்சுண்ணம் இருக்கிறது, பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் இருக்கின்றன. இவையெல்லாம் என்ன? பெண்பிள்ளைகள் காய் வீசி ஆடியதும், சுண்ணம் இடித்ததும், பூப் பறித்ததும், ஊஞ்சல் ஆடியதும். வீட்டு முற்றத்திலும் தெருவிலும் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருந்த பாட்டின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதற்குள் சிவபெருமானை அமர்த்தினார்.

அவற்றுள் திருச்சாழல் என்பது கேள்வி-பதில் ஆட்டம். ஒருத்தி இறைவனைக் குறை சொல்வதுபோல் கேட்பாள், மற்றவள் விடை சொல்வாள். அது பிறந்த வரலாற்றை நம் மரபு எப்படிச் சொல்கிறது? தில்லையில் பௌத்தர்களோடு வாதம் நடக்கிறது. ஈழத்து மன்னன் தன் மகளை அழைத்து வந்திருக்கிறான். பிறவி ஊமை. மணிவாசகர் அந்தப் பெண்ணைப் பார்த்து, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நீயே விடை சொல் என்கிறார். அவள் வாய் திறந்து சொல்கிறாள். அந்தக் கேள்விகளும் விடைகளுமே திருச்சாழல் ஆயின என்பர். எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கேட்டுப் பையன் தருமியின் குரலில் வாய் திறந்ததற்குப் பிறகு திருச்சாழலை ஓதும்போதெல்லாம், பேச முடியாத பிள்ளையிடமா பெருமான் விடையைக் கேட்டார் என்று என் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நான் பிரம்பைக் காட்டிக் கேட்டவன். மன்னியுங்கள்.

இனி, நண்பர் கேட்ட பல்லாங்குழிக்கு வருகிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆக 14. குழிக்கு 5 காய் என்றால் 70 காய். 6 என்றால் 84. நம் மலாய்க்கார அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆடும் சோங்காக்கிலும் பக்கத்திற்கு ஏழு குழிதான். ஆனால் குழிக்கு 7 காய், மொத்தம் 98, இரு முனையிலும் ‘வீடு’ ஒன்று தனியாக. ஏன் நமக்கு 70, அவர்களுக்கு 98 என்று கேட்டால் பெருக்கல் வாய்ப்பாடு தானாக வருகிறது. நம் ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் ‘பசு’. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கூச்சலைத்தான் அவர் கேட்டார். காயை அள்ளுமுன்பே கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று சொல்லிவிட்டு ஆட வேண்டும் என்பது நான் சேர்த்துக்கொண்ட விதி. சொன்ன கணக்கையும் விழுந்த கணக்கையும் பிள்ளைகள் தாளில் எழுதுகிறார்கள். அதுதான் துண்டுத் தாள். அந்த ஒன்பது வயதுச் சிறுமி பள்ளியில் கணக்குப் பாடம் என்றாலே அழுகிறாள் என்று அவள் தாயார் சொல்லித்தான் இங்கே கொண்டுவந்து விட்டார். அவள் பதினொரு காய்களைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் எண்ணி, என் பக்கத்துக் குழியைத் தொட்டுக் காட்டி, “இங்க விழும், தாத்தா” என்றாள். விழுந்தது.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள் நாம். இறைவன் மதுரையில் செய்த 64 செயல்களுக்கும் ‘விளையாடல்’ என்றே பெயர் வைத்தவர்கள் நாம். விளையாட்டு நமக்குப் புதிதல்ல. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு பிள்ளைகளின் விளையாட்டு கைப்பேசிக்குள் போய்விட்டது. அதில் பிள்ளைக்கு எதிரே இன்னொரு பிள்ளையின் முகம் இல்லை என்பதே என் குறை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது, இனித் தேர்வுச் சுமை இல்லை, பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் என்று மகிழ்ந்தோம். அந்த நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது.

கணக்கு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், நன்கொடையாளர்களுக்கு அது தெரிய வேண்டும். இவ்வாண்டு ஞாயிறு வகுப்பிற்கு விளையாட்டுப் பொருள் வகையில் நாங்கள் செலவழித்தது வெண்கட்டி, அட்டை, இரண்டு சோங்காக் பலகை ஆகியவற்றுக்கு மட்டுமே. புளியங்கொட்டை ஆலய மடப்பள்ளியிலிருந்து இலவசமாக வந்தது. அடுத்த ஆண்டிற்குச் சிறு மேடைத் திரை ஒன்றும், பிள்ளைகள் நாடகத்தில் அணியத் துணிகளும் கேட்டுக் குழுவிற்கு எழுதியிருக்கிறேன். குழு இன்னும் முடிவு செய்யவில்லை.

என் நண்பர் தன் பங்கை அன்னதானத்திற்கே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. அதுவும் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகிறது. ஆனால் எழுதுமுன் ஒருமுறை வர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே அழைக்கிறேன். வரும் ஞாயிறு காலை 9 மணி, பக்க மண்டபம். அந்தச் சிறுமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் காத்திருப்பாள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியும் தாழ்வான மேசையும் உண்டு. எத்தனை காய் தோற்றீர்கள் என்பதைத் தாளில் நீங்களே எழுத வேண்டும்.